நான்கு கூம்புகள்: மலிவான அனலைசரில் கிரிஸ்டல் ஃபில்டரை அளப்பது

10 மெகாஹெர்ட்ஸைப் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள சாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு ஹெர்ட்ஸ் ஒரு மில்லிமீட்டர் ஆகிறது. அந்தச் சாலையின் கோடியில் 2.4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் வேண்டும். வாசலுக்கு உள்ளே வருவது அப்படியே போக வேண்டும். அதைத் தாண்டிச் சில மீட்டர் தள்ளிப்போனால், வருகிற மின்னழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கசியக்கூடாது. சிங்கிள் சைடுபேண்டு ரேடியோவில் கிரிஸ்டல் ஃபில்டர் செய்கிற வேலை இதுதான். ஒரு குரலை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே பேசிக்கொண்டிருக்கும் இன்னொரு குரலை வெளியே நிறுத்துகிறது. தூண்டுசுருளும் கபாசிட்டரும் கொண்டு 10 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு குறுகிய வாசலைக் கட்ட முடியாது. குவார்ட்ஸ் கல்லால் முடியும்.

கட்டிவிடலாம். கட்டியது சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டு மேசையில் ரேடியோ செய்கிறவர்களை நெடுங்காலம் தடுத்துநிறுத்திய கேள்வி இது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு உள்ளங்கையில் அடங்கும் நெட்வொர்க் அனலைசர் கிடைக்கிறது. அந்தக் கருவியை இந்த வேலைக்கு நம்பலாமா, எதுவரை நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் என் மேசையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் நான்கு, 100 பிகோஃபாரட் கபாசிட்டர்கள் சில. இவற்றைக் கொண்டு ஏணி ஃபில்டர் ஒன்றைக் கட்டி, புதிதாக வந்திருந்த நானோவிஎன்ஏ என்ற அனலைசரின் இரண்டு வாய்களுக்கு நடுவில் நேராக மாட்டினேன். மேல்பகுதி தட்டையான ஒரு மேடு தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். திரையில் நான்கு கூம்புகள் நின்றன. கூம்புகளுக்கு நடுவே சில டெசிபெல் ஆழப் பள்ளங்கள். கிரிஸ்டல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று நினைத்து இரண்டைப் பிடுங்கி மாற்றினேன். புதியவற்றோடும் அதே நான்கு கூம்புகள். பழைய கிரிஸ்டல்களில் ஒன்றின் கால் அதற்குள் சாலிடரிங் சூட்டில் ஆடத் தொடங்கியிருந்தது. ஃபில்டரில் குறையே இருக்கவில்லை என்று புரிய ஒரு வாரமாயிற்று.

ஃபில்டரை அளப்பதற்கு முன் கிரிஸ்டலை அளக்க வேண்டும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். குவார்ட்ஸைப் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து வால்டர் கேடி அந்தக் கல்லை வைத்து அலையியற்றியின் அதிர்வெண்ணைக் கட்டிப்போட்டார். மின்சுற்றின் கண்ணுக்கு இந்தக் கல் எப்படித் தெரிகிறது என்பதைப் பட்டர்வொர்த்தும் வான் டைக்கும் ஒரு எளிய படமாக்கினார்கள். கல்லின் அதிர்வு, தொடராக இணைந்த ஒரு தூண்டுசுருள், ஒரு மிகச் சிறிய கபாசிட்டர், ஒரு சிறு மின்தடை ஆகியவற்றைப் போல நடந்துகொள்கிறது. கல்லின் இரு முகங்களிலும் பூசிய உலோகம் சாதாரணக் கபாசிட்டராக இவற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. நான்கே எண்கள். அவை தெரிந்தால் ஃபில்டரைத் தாளில் வடித்துவிடலாம்.

அந்த எண்களின் அளவு முதலில் நம்ப முடியாததாக இருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றுக்கு இப்படி எடுத்துக்கொள்வோம்: அதிர்வுக் கபாசிட்டர் 0.016 பிகோஃபாரட், அதற்கு ஒத்த தூண்டல் 15.8 மில்லிஹென்றி, மின்தடை 12 ஓம், முகக் கபாசிட்டர் 3.6 பிகோஃபாரட். இந்தக் கணக்கில் கல்லின் தரக்காரணி ஏறத்தாழ 83,000. கையால் சுற்றும் சுருள் 300-ஐத் தொட்டாலே மகிழ்ச்சி. கட்டுரையின் மற்றக் கணக்குகளையும் இந்த ஒரு கல்லை வைத்தே போடுகிறேன்.

பெட்டியின் மேல் 10.000 என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. சந்தையில் விற்கும் கிரிஸ்டல்களில் பெரும்பாலானவை மைக்ரோகண்ட்ரோலருக்காகச் செய்யப்பட்டவை. 20 பிகோஃபாரட் போன்ற ஒரு சுமையோடு சேர்ந்து அந்த அதிர்வெண்ணில் நிற்கும்படி அறுக்கப்பட்டவை. ஏணி ஃபில்டருக்குத் தேவையான தொடர் ஒத்ததிர்வு அதற்குக் கீழே இருக்கிறது. நம் கல்லில் ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸ் கீழே, அதாவது நம் சாலையில் 3.4 மீட்டர் முன்னால். தேடவேண்டிய இடம் 9.9966 மெகாஹெர்ட்ஸ் பக்கம். தயாரிப்பு வேறுபாடு வேறு இருக்கிறது. மில்லியனில் முப்பது என்ற சாதாரண அளவே இங்கு முன்னும் பின்னும் 300 ஹெர்ட்ஸ். குரலுக்கான ஃபில்டரில் கற்கள் வாசலின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்ளாவது ஒத்துப்போக வேண்டும். அதையும் சுருக்கி 50 ஹெர்ட்ஸுக்குள் கொண்டுவந்தால் நல்லது. நான்கு வேண்டுமென்றால் இருபது வாங்க வேண்டும். உயரமான பழைய வகை உலோகக் கூடு கிடைத்தால் அதையே எடுங்கள். குட்டைக் கூட்டில் இருக்கும் நீள்சதுரக் கல்லைவிட அதிலிருக்கும் வட்டக் கல் ஃபில்டருக்கு நன்றாக உழைக்கிறது.

அனலைசர் வராத காலத்தில் இந்த எண்களை எடுக்கப் பல வழிகள் இருந்தன. அவற்றில் என்னை இன்றும் வியக்கவைப்பது பிரிட்டனின் அமெச்சூர் ரேடியோக்காரர் (ஹாம்) டேவிட் கார்டன் ஸ்மித்தின் முறை. ஒரு சாதாரண அலையியற்றி, ஒரு ஸ்விட்ச், ஒரு கபாசிட்டர், ஒரு அதிர்வெண் எண்ணி. கபாசிட்டர் இல்லாமல் ஒரு தடவை, தொடரில் வைத்து ஒரு தடவை அதிர்வெண்ணைப் படித்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடர்க் கபாசிட்டரோடு முகக் கபாசிட்டரைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதிர்வெண் வித்தியாசத்தால் பெருக்கி, அதிர்வெண்ணால் வகுத்தால் அதிர்வுக் கபாசிட்டர் கிடைக்கிறது. செலவே இல்லை. கல்லின் இழப்பை மட்டும் இது சொல்லாது.

ஃபில்டர் வடிவமைப்பும் இதே காலத்தில்தான் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. மில்டன் டிஷல் 1965-இல் ஏணி ஃபில்டரின் கணக்கை ஒழுங்குபடுத்தினார். ஜாக் ஹார்ட்காசில் எழுபதுகளில் அதை ஹாம்களுக்குக் கொண்டுவந்தார். 1982 மே மாத கியூஎஸ்டி இதழில் வெஸ் ஹேவர்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஒரே அதிர்வெண்ணில் கைநிறையக் கிரிஸ்டல் இருந்தால் போதும், ஃபில்டரை யாரும் கட்டலாம் என்றாயிற்று. அதற்கு முன் நல்ல ஃபில்டர் என்றால் ஜெர்மனியின் கேவிஜி நிறுவனம் செய்த எக்ஸ்எஃப்-9பி போன்றதை விலை கொடுத்து வாங்குவதுதான். 9 மெகாஹெர்ட்ஸ், எட்டுக் கிரிஸ்டல், 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம். நம் நாட்டில் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோ இந்த ஏணி ஃபில்டரைப் பல மேசைகளுக்குக் கொண்டுசேர்த்தது. 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நான்கு. சுருள் சுற்றக் குழாயில் போடும் வாஷர். கடையில் கிடைப்பதை வைத்தே முழு ரேடியோ என்ற துணிவு அதில் இருந்தது. அவரே பிற்பாடு ஸ்வீப்பரினோ என்று ஒரு அளவுகருவியையும் கட்டிக் காட்டினார். அது ஃபில்டரின் வழியாக எவ்வளவு வருகிறது என்று சொல்லும். எந்தக் கட்டத்தில் (ஃபேஸில்) வருகிறது என்று சொல்லாது.

வெக்டர் நெட்வொர்க் அனலைசர் அந்தக் கட்டத்தையும் சொல்கிறது. பெருநிறுவனங்களின் ஆய்வகங்களுக்கு வெளியே அதைக் கொண்டுவந்தவர்களில் பால் கிசியாக், தாமஸ் பையர் ஆகிய இருவரின் வடிவமைப்புகள் இன்றும் மதிக்கப்படுகின்றன. பிறகு ஜப்பானியப் பொறியாளர் தக்காஹாஷி தொமோஹிரோ நானோவிஎன்ஏவை வடிவமைத்து, அதன் மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டார். 2019-இல் சீனத் தயாரிப்புகள் வழியாக அது உலகெங்கும் பரவியது. அதன் உள்ளே பிரமாதமாக எதுவும் இல்லை. எஸ்ஐ5351 என்ற கடிகாரச் சில்லு அலையைத் தருகிறது. எஸ்ஏ612 என்ற பழைய மிக்ஸர் சில்லுகள் அதைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்குகின்றன. பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காகச் செய்த ஆடியோ சில்லு அதை எண்ணாக்குகிறது. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஹார்மோனிக்கைப் பிடித்து வேலை செய்வதால் அங்கே துல்லியம் குறையும். கிரிஸ்டல் ஃபில்டர்கள் பெரும்பாலும் 4 முதல் 12 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. கருவி மிக நன்றாக நடந்துகொள்ளும் இடமும் அதுதான்.

ஆனாலும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே அளக்க முடியாது. முதல் நானோவிஎன்ஏ தொடக்கத்தில் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகளில் நடக்கும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு வைக்கும் ஓர் எட்டுக்கு 9 மெகாஹெர்ட்ஸ். நம் சாலையில் ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை கண்ணைத் திறப்பவருக்கு 2.4 மீட்டர் வாசல் எப்படித் தெரியும்? எல்லையை 10 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால் எட்டு 100 ஹெர்ட்ஸ் ஆகும். ஃபில்டருக்கு இது போதும், தனிக் கல்லுக்குப் போதாது; அதற்கு 2 கிலோஹெர்ட்ஸ் எல்லை வேண்டும். 401 புள்ளிகள் தரும் பெரிய திரை மாதிரி இருந்தால் எட்டு 5 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். எல்லையை மாற்றிய ஒவ்வொரு முறையும் காலிபரேஷனைத் திரும்பச் செய்வது நல்லது. கேபிளின் நுனியில் செய்வதைவிடக் கிரிஸ்டல் உட்காரும் சாக்கெட்டிலேயே செய்வது இன்னும் நல்லது. நேரிணைப்புக்கு அந்தச் சாக்கெட்டில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகினால் போதும்.

கல்லை இரண்டு வாய்களுக்கும் நடுவே தொடரில் வைத்தால் ஒத்ததிர்வில் ஒரு கூர்மையான சிகரம் தெரியும். சிகரத்தின் உயரம் மின்தடையைச் சொல்கிறது. இருபக்கமும் 50 ஓம், கல் 12 ஓம் என்றால் இழப்பு 0.98 டெசிபெல். சிகரத்திலிருந்து 3 டெசிபெல் இறங்கும் இரு இடங்களுக்கு நடுவிலுள்ள அகலம் தூண்டலைச் சொல்கிறது: மொத்தம் 112 ஓமை இரண்டு பையாலும் அந்த அகலத்தாலும் வகுக்க வேண்டும். நம் கல்லுக்கு அகலம் 1,128 ஹெர்ட்ஸ் வரும். 3 டெசிபெல்லுக்குப் பதில் கட்டம் 45 பாகை முன்னும் பின்னும் போகும் இடங்களைப் பிடிப்பது மேல். சிகரத்தின் உச்சி மழுங்கியது. கட்டமோ அங்கேதான் மிகச் செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்கிறது. மழுங்கிய உச்சியைத் தேடிக்கொண்டிருப்பதைவிடக் கோடு வெட்டும் இடத்தைக் குறிப்பது எளிது. திறந்த மூலத்தில் வளர்ந்த பிந்தைய ஃபர்ம்வேர்களில் இந்தக் கணக்கையெல்லாம் கருவியே போட்டுத் திரையில் நான்கு எண்களாகக் காட்டும் வசதி வந்திருக்கிறது. இருபது கற்களை வரிசையாகப் பார்க்க அது பெரிய உதவி. ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்த்த பிறகு அதைப் பயன்படுத்துங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஏனென்றால் இந்த முறையில் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. 112 ஓமில் கல்லின் பங்கு 12 மட்டுமே. கருவி 0.1 டெசிபெல் தவறினால் மின்தடையின் கணக்கு 1.3 ஓம் தவறுகிறது. பத்து விழுக்காட்டுக்கு மேல். கிரிஸ்டல் தயாரிப்பாளர்கள் இதற்காகத்தான் இருபுறமும் 12.5 ஓமாகக் குறைக்கும் பை வடிவ ரெசிஸ்டர் வலையை வைக்கிறார்கள். 159, 66.2, 14.2 ஓம் என்பவை சர்வதேசத் தரத்தில் வரும் மதிப்புகள். அதில் மொத்தம் 37 ஓம், கல் 12, அதே 0.1 டெசிபெல் தவறு இங்கே 0.43 ஓம் பிழையாகச் சுருங்குகிறது. இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு வலையும் 15 டெசிபெல்லை விழுங்குகிறது. 70 டெசிபெல் ஆழம் பார்க்கும் கருவிக்கு 40 மீதியாகிறது. சிகரத்தைப் பார்க்க அது தாராளம். முகக் கபாசிட்டரைப் பார்க்க முடியாது: 3.6 பிகோஃபாரட் 10 மெகாஹெர்ட்ஸில் 4,400 ஓம்; 25 ஓம் சுற்றில் அது மைனஸ் 45 டெசிபெல்லாகித் தரைக்குக் கீழே போய்விடும். 50 ஓம் சாக்கெட்டிலோ மைனஸ் 33-இல் சௌகரியமாக நிற்கிறது. ஆகவே ஒரே கல்லுக்கு இரண்டு சாக்கெட். மின்தடையும் தூண்டலும் 12.5-இல், முகக் கபாசிட்டர் 50-இல், ஒத்ததிர்விலிருந்து நன்கு தள்ளி.

சிகரத்துக்கு மேலே வரும் ஆழமான பள்ளம் இணை ஒத்ததிர்வு. நம் கல்லில் 22 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். அந்த இடைவெளியிலிருந்தும் முகக் கபாசிட்டரைக் கணக்கிடலாம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாக்கெட்டின் அரைப் பிகோஃபாரட் சேர்ந்தாலே அந்த இடைவெளி இரண்டரைக் கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுருங்கிவிடும். நீங்கள் அளப்பது கல்லையா சாக்கெட்டையா என்பதே தெரியாது.

அளக்கும்போது பொறுமையும் ஒரு கருவிதான். கோயில் மணியை அடித்தால் ஓசை அடங்க நேரமாவது போல, இவ்வளவு தரமுள்ள கல்லும் உடனே அடங்காது. 12.5 ஓம் வலையில் நம் கல்லின் அதிர்வு ஏறவும் இறங்கவும் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டு காலமாறிலி உண்டு. கருவி தன் வழக்கமான 1 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு புள்ளியிலும் நிற்பதும் அவ்வளவு நேரம்தான். முந்தைய புள்ளியின் ஓசை அடங்குவதற்குள் அடுத்ததை அளந்தால் சிகரம் நடக்கும் திசையில் நகர்ந்து, உயரமும் குறையும். மோர்ஸுக்கான 300 ஹெர்ட்ஸ் ஃபில்டர்களில் இது இன்னும் மோசம். அலைவரிசையை 100 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் நடை மெதுவாகும். இரைச்சலும் 10 டெசிபெல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கியதும் வளைவு மாறினால், முதலில் பார்த்த வளைவு பொய்.

கை வெப்பமும் கணக்கில் வரும். மில்லியனில் ஒன்று என்றாலே 10 ஹெர்ட்ஸ். விரலால் பிடித்துச் செருகிய கல் அறை வெப்பத்துக்குத் திரும்பும் வரை எண் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். நான் இடுக்கியால் செருகி, ஒரு நிமிடம் விட்டுத்தான் எழுதுகிறேன். ஃபில்டரில் கூடுகளைத் தரையோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் அளக்கும்போதும் இணைத்தே அளக்க வேண்டும்.

இனி அந்த நான்கு கூம்புகள். நம் கல்லை வைத்து எல்லாக் கபாசிட்டரும் சமமாக இருக்கும் கோன் ஏணியைக் கட்டினால், 100 பிகோஃபாரட்டுக்கு 2.25 கிலோஹெர்ட்ஸ் அகலம் வருகிறது. இருமுனைகளிலும் அது எதிர்பார்க்கும் மின்தடை 160 ஓம். நான் மாட்டியது 50 ஓம் வாய்களுக்கு நடுவில். ஏணியில் நான்கு ஒத்ததிர்விகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. முனைகளில் சரியான மின்தடை இருந்தால்தான் அவற்றின் நான்கு அதிர்வுகள் கரைந்து ஒரே மேடாகும். மின்தடை மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே தலைகாட்டும். கருவி காட்டியது முழு உண்மை. 50 ஓமுக்கு நடுவில் என் ஃபில்டர் அப்படித்தான் இருக்கும். பிழை என் கேள்வியில் இருந்தது.

இந்த விஷயத்தில் நான் எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: ஃபில்டருக்கென்று தனியாக ஒரு வளைவு கிடையாது. இருமுனை மின்தடைகளோடு சேர்ந்தே அதற்கு வடிவம். கடைசிப் பத்தாண்டுகளில் மலிவுக் கருவிகளின் துல்லியம் பற்றி நடந்த வாதங்களில் பெரும்பகுதி இந்த ஒன்றைக் கவனிக்காததால் வந்தது. பல லட்ச ரூபாய்க் கருவியிலும் அதே நான்கு கூம்புகள் அழகாக, இரைச்சல் இல்லாமல் தெரியும்.

முனைகளைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. மிக எளியது, இருபுறமும் 110 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைப்பது. ஃபில்டர் 160 ஓமைப் பார்க்கும். இழப்பு 10 டெசிபெல். அதைத் திரையில் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். ஆனால் கருவியின் ஆழமும் 70-இலிருந்து 60-ஆகிறது. ஃபில்டரின் சரிவைச் சொல்லும் வழக்கமான அளவு, 60 டெசிபெல் கீழே அகலம் எவ்வளவு என்பது. அதைப் பார்க்க வேண்டிய இடத்தில் கருவி சரியாகக் கண்ணை மூடிவிடுகிறது. எக்ஸ்எஃப்-9பி போன்று 500 ஓம் எதிர்பார்க்கும் ஃபில்டருக்கு இந்த முறையில் 20 டெசிபெல் போய்விடும்.

டொராய்டு வளையத்தில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ இழப்பே இல்லாமல் முனைகளைச் சரிசெய்கிறது. ஒன்றுக்கு இரண்டு சுற்று விகிதம் 50-ஐ 200 ஆக்கும். 160-க்கு மிகச் சரி இல்லாவிட்டாலும் வளைவின் வடிவம் பெரிதாகக் கெடாது. வடிவமைப்பையே 200-க்குத் தகுந்தாற்போல் செய்துகொண்டால் இன்னும் நல்லது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களையும் முதலில் முதுகோடு முதுகாக இணைத்து அவற்றின் இழப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தில் சில டெசிபெல்லுக்கு மேல் வந்தால் சுற்று போதவில்லை. 500 ஓமுக்கு ஒரு சுருளும் ஒரு கபாசிட்டரும் கொண்ட எல் வலை வசதியானது. அதன் தரக்காரணி வெறும் 3. ஆகவே நாம் பார்க்கும் சில பத்துக் கிலோஹெர்ட்ஸுக்குள் அது வளைவை வளைக்காது. தொலைவில் உள்ள தடுக்கும் பகுதியை அளக்க மட்டும் அதை நம்பக்கூடாது.

இன்னொரு வழி கணினியில் இருக்கிறது. ஃபில்டரை 50 ஓமிலேயே அளந்து, திருப்பி மாட்டி மறுபடியும் அளந்து, எஸ்11, எஸ்22 (இரு வாய்களிலும் திரும்பி வருவது), எஸ்21 (கடந்து போவது) எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேமித்தால், மென்பொருள் அதை எந்த மின்தடைக்கும் மாற்றிக் காட்டும். 160 போட்டுப் பார்க்கலாம், 180 போட்டுப் பார்க்கலாம். கூம்புகள் கண்முன்னே கரைந்து மேடாவதைப் பார்ப்பது பெரிய படிப்பினை. வெக்டர் அளவீடு மட்டுமே தரும் பலன் இது. ஆனால் நானோவிஎன்ஏவின் இரண்டாவது வாய் மிகச் சரியான 50 ஓம் அல்ல. சாதாரணக் காலிபரேஷன் அதைத் திருத்துவதும் இல்லை. அந்த வாயில் ஒரு 10 டெசிபெல் அட்டனுவேட்டரை வைத்தால் பிழை அடங்கும், ஆழத்தில் 10 போகும். யோசிப்பதற்குக் கணினி, முடிவுசொல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அளந்தபோது என் ஃபில்டரின் மேடு ஒழுங்காக வந்தது. கற்களின் மின்தடையால் வரும் இழப்பு ஒரு டெசிபெல்லை ஒட்டி இருந்தது. மேல்பக்கச் சரிவு கீழ்ப்பக்கத்தைவிடச் செங்குத்தாக இருந்ததும் குறை அல்ல. தொடரில் கல்லை வைக்கும் ஏணியில் இணை ஒத்ததிர்வுப் பள்ளங்கள் மேல்பக்கம் நிற்பதால் அந்தப் பக்கம் எப்போதும் கூர்மை.

ஆழத்தைப் பற்றி நேர்மையாக இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி, அது இருந்த இடத்தில் இருபக்கமும் ரெசிஸ்டரால் மூடி, கசிவை மட்டும் பாருங்கள். அந்தக் கோடு மைனஸ் 75-இல் இருந்தால் மைனஸ் 65-க்குக் கீழே தெரியும் எதையும் ஃபில்டரின் கணக்கில் எழுதக்கூடாது. பெரும்பாலும் கசிவது கருவிக்குள் அல்ல, மேசைமேல்: நீளமான கிளிப் வயர், ஃபில்டரின் உள்வாயும் வெளிவாயும் பக்கத்தில் பக்கத்தில் வந்த பலகை. ஆறு, எட்டுக் கற்கள் கொண்ட ஃபில்டரின் 90, 100 டெசிபெல்லை இந்தக் கருவி காட்டாது. அங்கே கிசியாக், பையர் ஆகியோரின் கருவிகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

கற்களின் வேண்டாத அதிர்வுகளும் கவனத்துக்கு உரியவை. முக்கியமான ஒத்ததிர்வுக்கு மேலே சில பத்து முதல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை சிறு சிறு சிகரங்கள் எழும்பலாம். ஃபில்டர் மூடியிருக்க வேண்டிய இடத்தில் அவை பொந்துகள். 101 புள்ளிகளை ஒரு மெகாஹெர்ட்ஸுக்குப் பரப்பினால் எட்டு 10 கிலோஹெர்ட்ஸ். சிகரம் இரண்டு எட்டுக்கு நடுவில் விழுந்து காணாமல்போகும். ரூனே ப்ரோபெர்க் எழுதிய நானோவிஎன்ஏ-சேவர் மென்பொருள் எல்லையைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்து ஒட்டித் தரும். அதில் ஐம்பது துண்டு கேட்டுவிட்டுத் தேநீர் குடித்து வரலாம்.

குழுத் தாமதம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்டம் தெரிவதால் அதுவும் திரையில் வரும். மோர்ஸ் ஃபில்டரில் வாசலின் இரு ஓரங்களிலும் தாமதம் கொம்புபோல் எழுந்தால் காதில் மணியோசை நீளும். அகலம் குறைந்த ஃபில்டர் கட்டுகிறவர்கள் மேட்டின் தட்டையைவிட இதைப் பார்க்க வேண்டும்.

கருவியால் சொல்லவே முடியாத ஒன்று இருக்கிறது. அது 10 மெகாஹெர்ட்ஸில் தருவது 0.1 மில்லிவாட்டை ஒட்டிய திறன். 50 ஓம் சாக்கெட்டில் நம் கல்லுக்குள் போவது 20 மைக்ரோவாட்டுக்கும் குறைவு; கல்லுக்கு அது பாதுகாப்பான அளவு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே அலையைத்தான் அது அனுப்புகிறது. பக்கத்திலிருக்கும் இரண்டு பலமான நிலையங்கள் சேர்ந்து கல்லுக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு பேய்க்குரலை உண்டாக்குமா என்பதை அறிய இரண்டு அலைகளை ஒன்றாக அனுப்பிப் பார்க்கும் சோதனை வேறு.

ரேடியோவுக்குள் ஃபில்டரின் முனைகளில் இருப்பவை சுத்தமான ரெசிஸ்டர்கள் அல்ல. ஒருபுறம் மிக்ஸர், மறுபுறம் ஆம்ப்ளிஃபையர். என் ரேடியோவில் ஆம்ப்ளிஃபையரின் உள்வாயை எஸ்11 கொண்டு அளந்தபோது, 200 ஓம் என்று வரைபடம் சொன்ன இடத்தில் கபாசிட்டரும் கலந்த 130 ஓம் இருந்தது. அந்த எண்ணைக் கணினிக் கோப்பில் போட்டதும் மேட்டின் ஒரு ஓரத்தில் ஒன்றரை டெசிபெல் சாய்வு தெரிந்தது. என் குரலில் கரகரப்பு இருக்கிறது என்று நண்பர்கள் பல மாதமாகச் சொல்லிவந்த அதே ஓரம். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு 6 டெசிபெல் அட்டனுவேட்டரை வைத்து, அந்த இழப்பை அடுத்த கட்டத்தில் ஈடுசெய்தேன். ஃபில்டரின் இருமுனைகளிலும் சிறு துண்டுக் கேபிள்களைச் சாலிடர் செய்து, பெட்டிக்கு வெளியே எட்டும்படி விட்டிருக்கிறேன். கோடையும் மழையும் கடந்தபின் அதே கேபிள்களில் திரும்ப அளந்து, பழைய கோப்பின் மேல் புதியதை வைத்துப் பார்க்க வேண்டும்.